திறப்பு வெளியில இருக்கோணும்: விண்டோஸ் 98-க்கு ஒரு பூட் டிஸ்க்



இந்த வார எபிசோடில பழைய கொம்பியூட்டர்களைப் பற்றிக் கதைக்கேக்க "எமர்ஜென்சி பூட் டிஸ்க்" என்ற சொல் வந்தது. அதை ஆறுதலா எழுத்தில விளக்கச் சொல்லிக் கொஞ்சப் பேர் கேட்டிருந்தீங்கள். கேட்ட ஆக்களில சிலர் ஃப்ளாப்பியைக் கையால தொட்டதே இல்லையாம். ஆனா அவையின்ர வீட்டு பேஸ்மெண்டில மஞ்சள் பிடிச்ச டவர் ஒன்று இன்னும் கிடக்கு.

அந்த டவருக்குள்ள என்ன இருக்கலாம் என்று யோசிச்சுப் பாருங்கோ. அப்பப்பா ஒற்றை விரலால டைப் பண்ணின ஊர்க் கதை. அம்மா தமிழ்ப் பள்ளிக்கூட விழாவுக்கு எழுதின நாடகம். ஒரு ஊர்ச் சங்கத்தின்ர வரவு செலவுக் கணக்கு. கிளவுட் இல்லாத காலம் என்றபடியால் இதுகளுக்கு வேற கொப்பி இருக்காது. இப்ப பவர் பட்டனை அமத்தினா ஃபேன் சுத்துது, கறுப்புத் திரையில "இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்" என்று ஒரு வரி வருது, அதோட நிக்குது.

அந்த வரியைக் கண்டவுடனே "எல்லாம் போச்சு" என்று டவரைக் குப்பைக்கு அனுப்பிற வீடுகள் இருக்கு. அவசரப்பட வேண்டாம். பல நேரங்களில ஃபைல்கள் உள்ளுக்கு அப்படியே இருக்கும், கதவு மட்டும்தான் திறக்காது. பூட் டிஸ்க் என்பது அந்த வீட்டுக்கு வெளியில வச்சிருக்கிற இன்னொரு திறப்பு.

பவர் பட்டனை அமத்தின பிறகு நடக்கிறது

பட்டனை அமத்தினவுடனே ஓடத் தொடங்கிறது விண்டோஸ் என்று நினைப்பம். உண்மையில் முதலில் ஓடுவது மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் பயோஸ். அது ரேம், கீபோர்ட், டிஸ்க் எல்லாம் இருக்கா என்று பார்த்துவிட்டு, எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்கலாம் என்று ஒரு வரிசைப்படி தேடும். அந்தக் காலத்து வழக்கமான வரிசை, முதலில் ஏ டிரைவ், அதாவது ஃப்ளாப்பி. பிறகு சி டிரைவ், அதாவது ஹார்ட் டிஸ்க்.

பயோஸுக்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது. டிஸ்க்கின் முதல் செக்டரை மட்டும், வெறும் 512 பைட்டை, எடுத்து ரேமில் வைத்துவிட்டு, "இனி உன் பாடு" என்று ஒதுங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் என்றால் அந்த 512 பைட்டுக்குப் பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்ட். டிஸ்க் எத்தனை பகுதியாகப் பிரிந்திருக்கிறது என்ற பார்ட்டிஷன் டேபிளும் அதற்குள்தான் இருக்கு. அது விண்டோஸ் இருக்கும் பகுதியின் பூட் செக்டரைக் கூப்பிடும். பூட் செக்டர் ஐஓ.சிஸ் என்ற ஃபைலைத் தேடி எடுக்கும். அதற்குப் பிறகு கமாண்ட்.காம், அதற்குப் பிறகுதான் விண்டோஸ்.

இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் மிச்சம் எல்லாம் நல்லா இருந்தும் பிரயோசனம் இல்லை. 10 ஜிபி டிஸ்க்கில் 512 பைட் பழுதானால் காணும், கொம்பியூட்டர் எழும்பாது. "இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்" என்ற வரியை எழுதுவதே பூட் செக்டர்தான். அது ஓடியிருக்கு, ஆனால் ஐஓ.சிஸ் அதற்குக் கிடைக்கவில்லை. அதற்கு மிகச் சாதாரணமான காரணம் என்ன தெரியுமோ? யாரோ ஒரு ஃப்ளாப்பியை ஏ டிரைவில் மறந்து விட்டிருப்பினம். அதை வெளியில எடுத்துப்போட்டு ஒரு கீயை அமத்தினா விண்டோஸ் தன்ர பாட்டில வரும்.

பூட் டிஸ்க் செய்யிற வேலை, இந்தச் சங்கிலி முழுவதையும் இன்னொரு இடத்தில் இருந்து கொடுப்பது. ஃப்ளாப்பியில் தன்னுடைய பூட் செக்டர், தன்னுடைய ஐஓ.சிஸ், தன்னுடைய கமாண்ட்.காம் எல்லாம் இருக்கு. வரிசையில் ஏ முதலில் இருப்பதால் பயோஸ் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே மெஷினை எழுப்பிவிடும். அதற்குப் பிறகு, வெளியில நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

ஏன் வெளியில இருக்கோணும்?

1999 ஏப்ரல் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கோ. அன்றைக்குத்தான் சிஐஎச் என்ற வைரஸ் உலகம் முழுக்க விண்டோஸ் 95, 98 மெஷின்களில் தன்ர வேலையைக் காட்டினது. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதினது அது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் "செர்னோபில் வைரஸ்" என்ற பெயரும் வந்தது.

அது செய்த முதல் வேலை, ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்பியைப் பூச்சியங்களால் நிரப்பினது. மாஸ்டர் பூட் ரெக்கார்ட், பார்ட்டிஷன் டேபிள், பூட் செக்டர் எல்லாம் இருப்பது அந்த 1 எம்பிக்குள்தான். அதனால அடுத்த நாள் காலையில மெஷினைப் போட்ட ஆக்களுக்கு டிஸ்க் வெறுமையா இருக்கிற மாதிரித் தெரிஞ்சது. ஆனால் ஃபேட்32 முறையில் ஃபைல்களின் அட்டவணை இரண்டு பிரதியாக இருக்கும். பெரிய டிஸ்க்குகளில் இரண்டாவது பிரதி அந்த முதல் 1 எம்பிக்கு அப்பால் விழும். அதை வைத்து முழு டிஸ்க்கையும் மீட்க வழி இருந்தது. ஸ்டீவ் கிப்சன் அதற்கென்றே ஒரு சின்ன இலவச டூலை எழுதி வெளியிட்டார்.

ஆனா அந்த டூலை எங்க இருந்து ஓடவைக்கிறது? விண்டோஸ் எழும்பாது. ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே மெஷினுக்குத் தெரியாது. கையில பூட் ஃப்ளாப்பி இருந்தவைக்கு வழி இருந்தது. இல்லாதவை அதை வச்சிருக்கிற ஆளைத் தேடிப் போகவேண்டி வந்தது. (சில மதர்போர்டுகளில் அந்த வைரஸ் பயோஸ் சிப்பையே அழிச்சது. அதுக்குப் பூட் டிஸ்க்கும் உதவாது. சங்கிலியின்ர முதல் கண்ணியே போனா வெளித் திறப்பாலும் பலன் இல்லை.)

1.44 எம்பிக்குள்ள ஒரு கொம்பியூட்டர்

ஒரு ஃப்ளாப்பியில் 2 பக்கம், பக்கத்துக்கு 80 ட்ராக், ட்ராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். நாங்கள் 1.44 எம்பி என்று சொல்லிறது இதைத்தான். உங்கட ஃபோனில எடுக்கிற ஒரு படம் பெரும்பாலும் இதுக்குள்ள அடங்காது. இதற்குள் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும், பழுது பார்க்கும் டூல்களையும், சிடி டிரைவை எழுப்பும் டிரைவர்களையும் அடுக்கவேணும்.

விண்டோஸ் 95-இன் ஸ்டார்ட்டப் டிஸ்க்கில் சிடி டிரைவர் இல்லை. இது பெரிய தலையிடி. விண்டோஸைத் திரும்பப் போட சிடி வேணும். சிடியை வாசிக்க டிரைவர் வேணும். டிரைவர் இருக்கிறது ஹார்ட் டிஸ்க்கில, இல்லாட்டி அந்தச் சிடியிலேயே. பூட்டின பெட்டிக்குள்ள பெட்டியின்ர திறப்பு!

1998-இல் வந்த விண்டோஸ் 98 இதைச் சரிப்படுத்தியது. அதன் ஸ்டார்ட்டப் டிஸ்க் எழும்பியவுடன் ஒரு மெனு காட்டும்: சிடி-ரோம் உதவியோடு தொடங்கவா, இல்லாமல் தொடங்கவா, உதவிக் குறிப்பைப் பார்க்கவா. சிடியோடு என்று தெரிவு செய்தால், தன்னிடம் உள்ள பொதுவான டிரைவர்களை ஏற்றிப் பார்க்கும். சாதாரண ஐடிஇ சிடி டிரைவுக்கு ஓக்சிடிரோம்.சிஸ் என்ற ஒரு ஃபைலே பெரும்பாலும் காணும். ஸ்கஸி வகைக்குத் தனியாகச் சில டிரைவர்கள் இருக்கு.

எல்லாம் 1.44 எம்பிக்குள் அடங்காது என்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். டூல்களைச் சுருக்கி இபிடி.கேப் என்ற ஒரே ஃபைலாக ஃப்ளாப்பியில் வைத்தார்கள். டிஸ்க் எழும்பும்போது ரேமில் 2 எம்பியை ஒதுக்கி, அதை ஒரு டிரைவ் மாதிரி நடிக்க வைத்து, சுருக்கின டூல்களை அதற்குள் விரிப்பார்கள். ஸ்கேன்டிஸ்க், ஃபார்மட், எடிட், சிஸ் எல்லாம் அந்தத் தற்காலிக டிரைவில்தான் வந்து உட்காரும். பவரை நிறுத்தினால் அந்த டிரைவ் காணாமல் போயிடும்.

இதில ஒரு சின்னக் குழப்பம் இருக்கு. அந்த ரேம் டிரைவ், ஹார்ட் டிஸ்க்குக்கு அடுத்த எழுத்தை எடுத்துக்கொள்ளும். வழக்கமாக டி-யாக இருக்கும் சிடி டிரைவ், பூட் டிஸ்க்கில் இருந்து எழும்பினால் ஈ-யாக மாறிவிடும். "சிடி டிரைவ் வேலை செய்யுதில்லை" என்று சொல்லிற ஆக்கள் பல நேரம் டி-யைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பினம்.

செய்யிற முறை

உங்களிட்ட ஓடிக்கொண்டிருக்கிற ஒரு விண்டோஸ் 98 மெஷின் இருந்தா, வேலை 5 நிமிசம். ஒரு வெற்று ஃப்ளாப்பியைப் போடுங்கோ. அதில இருக்கிறது எல்லாம் அழியும் என்றதை ஞாபகம் வச்சிருங்கோ. ஸ்டார்ட், செட்டிங்ஸ், கண்ட்ரோல் பேனல், அதற்குள் ஆட்/ரிமூவ் ப்ரோகிராம்ஸ். அதில் ஸ்டார்ட்டப் டிஸ்க் என்ற டேப். "கிரியேட் டிஸ்க்" பட்டனை அமத்தினால் முடிஞ்சுது. சில நேரம் விண்டோஸ் சிடியைக் கேட்கும்.

விண்டோஸ் 95 என்றால் அதே இடத்தில் அதே பட்டன் இருக்கு, ஆனால் சிடி பகுதியை நீங்களே சேர்க்கவேணும். சிடி டிரைவின் டிரைவர் ஃபைலையும், எம்எஸ்சிடிஇஎக்ஸ் என்ற ப்ரோகிராமையும் ஃப்ளாப்பிக்குக் கொப்பி பண்ணுங்கோ. பிறகு ஃப்ளாப்பியில் உள்ள கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் டிரைவரை ஏற்றச் சொல்லி ஒரு வரி, ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் எம்எஸ்சிடிஇஎக்ஸை ஓடச் சொல்லி ஒரு வரி. இரண்டு வரியிலும் டிரைவுக்கு ஒரு பெயர் கொடுக்கவேணும். எந்தப் பெயரும் கொடுக்கலாம், ஆனால் இரண்டிலும் ஒரே பெயராக இருக்கோணும். ஒரு எழுத்து மாறினாலும் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்காது.

ஓடிற பழைய மெஷின் ஒன்றுமே இல்லை என்றால், ஃப்ரீடாஸ் இருக்கு. ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய திட்டம் அது. முற்றிலும் இலவசம், ஃபேட்32-ஐ வாசிக்கும், ஃப்ளாப்பி இமேஜும் கிடைக்கும். ஒரு யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை வாங்கி உங்கட லேப்டாப்பில கொழுவலாம். இமேஜ் ஃபைலை வெறுமனே ஃப்ளாப்பிக்குள்ள கொப்பி பண்ணினா வேலை செய்யாது. அதைச் செக்டர் செக்டராக எழுதவேணும். லினக்ஸில் டிடி, விண்டோஸில் வின்இமேஜ் போன்ற டூல்கள் அதற்கு உதவும்.

எந்த டிஸ்க் என்றாலும் வெர்ஷன் பொருந்தவேணும். பழைய எம்எஸ்-டாஸ் 6.22 ஃப்ளாப்பியில் இருந்து எழும்பினால் ஃபேட்32 டிஸ்க் அதன் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஃப்ளாப்பியை ஃபார்மட் பண்ணும்போது டாஸ் பூட் டிஸ்க் செய்ய ஒரு தெரிவு உண்டு. ஆனால் எக்ஸ்பி மெஷின்களில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அதே ஃப்ளாப்பியால் வாசிக்க ஏலாது. அதனால லேபிளில எந்த வெர்ஷன், எந்த மெஷின், எப்ப செய்தது என்று பேனையால எழுதி ஒட்டுங்கோ.

செய்து முடிஞ்ச பிறகு இன்னும் மூன்று வேலை.

முதலாவது, ஃப்ளாப்பியின் மூலையில் இருக்கும் சின்னச் சறுக்குக் கதவை நகர்த்தி, ஓட்டை தெரிகிற மாதிரி வையுங்கோ. ஓட்டை தெரிந்தால் அதில் எழுத முடியாது. பூட் செக்டர் வைரஸ்கள் ஃப்ளாப்பி வழியாகத்தான் பரவின. 1986-இல் லாகூரில் இருந்து வந்த பிரெய்ன் அப்படிப்பட்டதுதான். மருந்துக் குப்பிக்குள்ள கிருமி போகாமல் மூடி வைக்கிற மாதிரித்தான் இது.

இரண்டாவது, இன்னொரு பிரதி செய்யுங்கோ. ஃப்ளாப்பி காந்தப் பூச்சு பூசின பிளாஸ்டிக். ஈரம், பூஞ்சணம், காலம் எல்லாம் அதைத் தின்னும்.

மூன்றாவது, மெஷினை நிறுத்திவிட்டு அந்த டிஸ்க்கில இருந்து ஒருக்கா எழுப்பிப் பாருங்கோ. "ஏ:" என்று ப்ராம்ப்ட் வருதா? சி டிரைவின்ர ஃபைல்கள் தெரியுதா? சிடி தெரியுதா? எழுப்பிப் பார்க்காத பூட் டிஸ்க், பூட்டில போட்டுப் பார்க்காத திறப்பு மாதிரி. சட்டைப்பையில இருக்கும், கதவைத் திறக்குமோ தெரியாது.

முதலில பார், கடைசியில எழுது

மெஷின் விழுந்த நாளில் அந்த ஃப்ளாப்பியைப் போட்டு எழுப்பிவிட்டீங்கள் என்று வையுங்கோ. ப்ராம்ப்ட் மினுங்குது. இந்த இடத்தில அவசரம்தான் எதிரி. நான் வேலை செய்யும் இடங்களில் டேட்டா போனதைப் பார்த்தால், பழுது அழித்ததைவிடப் பழுது பார்த்த ஆள் அழித்தது அதிகம். அதனால் ஒரு ஒழுங்கு வையுங்கோ. வாசிக்கும் கட்டளைகள் முதலில், எழுதும் கட்டளைகள் கடைசியில்.

முதலில் டிர் என்று அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, சி கோலன் அடியுங்கோ. ஃபைல் பட்டியல் வந்தால் பார்ட்டிஷன் டேபிளும் ஃபைல் அட்டவணையும் உயிரோடு இருக்கு. பாதிக் கவலை போச்சு. "இன்வாலிட் டிரைவ் ஸ்பெசிஃபிகேஷன்" என்று வந்தால், சி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. பார்ட்டிஷன் டேபிள் போயிருக்கலாம், பயோஸ் டிஸ்க்கைக் கண்டுபிடிக்காமல் இருக்கலாம், இல்லாவிட்டால் அது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கலாம். "இன்வாலிட் மீடியா டைப்" என்று வந்தால், டிரைவ் தெரியுது, அதன் பூட் செக்டர் வாசிக்கிற நிலையில் இல்லை.

பட்டியல் வந்தது, ஆனா விண்டோஸ் மட்டும் பாதியில விழுது என்றால், ரெஜிஸ்ட்ரி பழுதாகியிருக்கலாம். விண்டோஸ் 98 தன் ரெஜிஸ்ட்ரியின் கடைசி 5 பிரதிகளைத் தானாகவே சேமித்து வைத்திருக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கமாண்ட் ஃபோல்டருக்குப் போய், ஸ்கேன்ரெக் என்ற கட்டளையை ரெஸ்டோர் என்ற தெரிவோடு ஓட்டினால், தேதியோடு ஒரு பட்டியல் வரும். நல்லா ஓடின ஒரு நாளைத் தெரிவு செய்தால் போதும். முழு விண்டோஸையும் திரும்பப் போட நினைத்திருந்தவைக்கு 5 நிமிசத்தில வேலை முடிஞ்சிடும்.

ஐஓ.சிஸ்தான் காணவில்லை என்று உறுதியானால் மட்டும் சிஸ் கட்டளை. எஸ், ஒய், எஸ், ஒரு ஸ்பேஸ், சி, கோலன். இது பூட் செக்டரையும் தேவையான ஃபைல்களையும் ஃப்ளாப்பியில் இருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு எழுதும். உங்கட ஃபைல்களைத் தொடாது. ஆனால் ஃப்ளாப்பியும் விண்டோஸும் ஒரே வெர்ஷனாக இருக்கோணும். ஃப்ரீடாஸ் ஃப்ளாப்பியில் இருந்து இதைச் செய்தால் விண்டோஸ் 98-இன் பூட் செக்டருக்கு மேலே ஃப்ரீடாஸின் பூட் செக்டர் ஏறிவிடும். ஃப்ரீடாஸை வாசிக்க மட்டும் பாவியுங்கோ.

எஃப்டிஸ்க்கைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. மாஸ்டர் பூட் ரெக்கார்டைத் திருத்த "எஃப்டிஸ்க், எம்பிஆர்" என்ற கட்டளையை எல்லா இடத்திலயும் சொல்லுவினம். பல நேரம் அது சரியான மருந்து. ஆனால் மங்கி என்ற பூட் வைரஸ் உண்மையான பார்ட்டிஷன் டேபிளை ஒளித்து வைத்துவிட்டு, டிஸ்க்கை வாசிக்கும்போது தானே அதை எடுத்துக் கொடுக்கும். வைரஸை மேலெழுதி அழித்தால் டேபிளுக்கான வழியும் அதோடு போகும். என்ன பழுது என்று தெரியாமல் எழுதும் கட்டளையைத் தட்டவே தட்டாதேங்கோ.

பேஸ்மெண்டில கிடக்கிற டவருக்கு

இப்ப எழுதிக் கேட்ட ஆக்களுக்கு நேரடிப் பதில்.

உங்களுக்கு அந்த மெஷினே ஓடவேணுமா, அல்லது அதுக்குள்ள இருக்கிற ஃபைல்கள் மட்டும் வேணுமா? முதலில இதை முடிவு எடுங்கோ. அப்பாவின்ர கடைக்கு எழுதின பழைய கணக்கு ப்ரோகிராம் அந்த மெஷினில மட்டும்தான் ஓடும் என்றால் மேல சொன்ன பூட் டிஸ்க் வழி உங்களுக்கானது. ஃபைல்கள் மட்டும் போதும் என்றால் அதைவிட நல்ல வழி இருக்கு.

ஏனென்றால் டாஸ் ப்ராம்ப்டில் இருந்து ஃபைல்களை வெளியில எடுக்கிறது சிரமம். யூஎஸ்பி தெரியாது. ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகத்தான் கொப்பி பண்ணவேணும். அதோடு நீளமான ஃபைல் பெயர்கள் எல்லாம் 8 எழுத்தாகக் குறுகிவிடும். "ஊர்க் கோயில் வரலாறு" என்ற அர்த்தத்தில் வைத்த பெயர், ஆறு எழுத்து, ஒரு அலைக்குறி, ஒரு இலக்கம் என்று வெளியில வரும். எது எந்த ஃபைல் என்று பிறகு ஒருவருக்கும் விளங்காது.

அதனால டவரைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை மெதுவாகக் கழற்றுங்கோ. ஐடிஇ-இல் இருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்குங்கோ. டவரில் இருக்கும் பெரிய டிஸ்க்குக்கு 40 பின், பழைய லேப்டாப் டிஸ்க்குக்கு 44 பின். பெரிய டிஸ்க்குக்குத் தனிப் பவர் வேணும், அது அடாப்டரோடு வருதா என்று பார்த்து வாங்குங்கோ. டிஸ்க்கின் பின்பக்க ஜம்பரை மாஸ்டர் நிலையில் வையுங்கோ. பிறகு ஒரு லினக்ஸ் மெஷினில் கொழுவி, ஃபைல்களைத் திறக்க முதல், ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற டூலால் முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக எடுத்துவிடுங்கோ. பல வருசம் சும்மா கிடந்த டிஸ்க், இதுதான் கடைசித் தடவையாகச் சுத்துதோ தெரியாது. இமேஜ் எடுத்த பிறகு அந்தப் பிரதியிலதான் உங்கட விளையாட்டு எல்லாம்.

மெஷினையே ஓட்டப் போகிறவை, டிஸ்க்கைச் சந்தேகப்பட முதல் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைப் பாருங்கோ. பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032. அது செத்துப்போனால் பயோஸ் தன் செட்டிங்ஸை மறந்துவிடும். எந்த டிஸ்க், எந்த வரிசை என்ற விபரமும் அதோடு போயிடும். சில டவர்களுக்குத் தேவைப்படுகிற ஒரே மருந்து புதுப் பேட்டரிதான்.

இன்னொரு விசயம், இது எங்கட ஆக்களுக்கு மிக முக்கியம். டாக்குமெண்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திடாதேங்கோ. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக எடுங்கோ.

யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் வீட்டு விண்டோஸில் அது வந்து சேரக் காலம் எடுத்தது. விண்டோஸ் 2000-இல்தான் தமிழுக்கு ஒழுங்கான ஆதரவு வந்தது. அதற்கு முதல் எங்கட பெற்றோர் பாமினி மாதிரியான ஃபாண்டுகளில்தான் எழுதினவை. அந்த முறையில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், ஃபாண்ட்தான் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கும். பாமினியில் "அம்மா" என்று எழுதினால், ஃபைலில் பதிவாகிறது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து குறிகள். ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். "ஃபைல் பழுதாப் போச்சு" என்று சொல்லி அதை அழிக்கிற ஆபத்து இருக்கு. பழுது ஒன்றும் இல்லை. எந்த ஃபாண்டில் எழுதினது என்று தெரிந்தால், பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கு. வீட்டில பெரியாக்கள் இருக்கேக்கயே "எந்த ஃபாண்டில டைப் பண்ணினீங்கள்?" என்று கேட்டு எழுதி வையுங்கோ. அதுவும் ஒரு திறப்புத்தான்.

இது பழைய கதையா?

2024 ஜூலை 19. விமான நிலையங்களில, ஆஸ்பத்திரிகளில, வங்கிகளில நீலத் திரை. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை விழுத்தியது என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. தேவையான திருத்தம் என்ன தெரியுமோ? ஒரு ஃபைலை அழிக்கவேணும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஃபைலை அழிக்க விண்டோஸ் எழும்பவேணும், விண்டோஸ் எழும்ப அந்த ஃபைல் அழியவேணும். 1995-இன் சிடி டிரைவர் கதைதான், வேற உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தது. அதனால் ஐடி ஆக்கள் மெஷின் மெஷினாகப் போய்ச் சேஃப் மோடில் எழுப்பினார்கள். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட யூஎஸ்பி மீட்பு டூலும் ஒரு பூட் டிஸ்க்தான். வெளியில இருந்து எழும்பு, உள்ளுக்குப் போ, அந்த ஃபைலை எடு, வெளியில வா. அதிலும் பல இடங்களில் வேலை நின்றது பிட்லாக்கரில். டிஸ்க் பூட்டியிருக்கு, அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் தேவை. சில நிறுவனங்களில் அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சேர்வரும் அதே நீலத் திரையில் நின்றது. திறப்பு திரும்பவும் பெட்டிக்குள்ள!

அதனால இந்தச் சனி ஞாயிறு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கோ. உங்கட லேப்டாப் நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்க, ஒரு 32 ஜிபி யூஎஸ்பியைப் போட்டு, ஸ்டார்ட் மெனுவில் "ரிகவரி டிரைவ்" என்று தேடி அதைச் செய்துவிடுங்கோ. அதில இருந்து ஒருக்கா எழுப்பிப் பாருங்கோ. புது லேப்டாப்புகளில் பல நேரம் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதால உங்கட மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், 48 இலக்க எண் அங்கே இருக்கா என்று பார்த்து, அதை ஒரு கடதாசியில் பேனையால் எழுதுங்கோ. ஃபோனில ஃபோட்டோ எடுத்து அதே லேப்டாப்புக்கு அனுப்பி வச்சா அது திறப்பு இல்லை. கடதாசியைப் பாஸ்போர்ட் இருக்கிற இடத்தில வையுங்கோ.

அப்படியே அப்பாட்டயோ அம்மம்மாட்டயோ கேளுங்கோ, பேஸ்மெண்டில இருக்கிற டவரில என்ன இருக்கு என்று. டிஸ்க்கைக் கழற்றி இமேஜ் எடுத்த ஆக்கள், என்ன கிடைச்சது என்று எழுதி அனுப்புங்கோ. பாமினி ஃபைலை மாற்றேக்க சிக்கல் வந்தா அதையும் எழுதுங்கோ, அடுத்த மடலில சேர்ந்து பார்ப்பம்.